ஊரே அளக்கும் மழை: நீலகிரி ஊர்களில் மக்கள் மழைமானி வலை அமைக்க முழுமையான வழிகாட்டி

2009 நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. முன்னது கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை, பின்னது மாவட்டத்தின் மேற்கே குந்தா பகுதியில் தென்மேற்குப் பருவமழை. ஒரே மாவட்டத்துக்குள் காலம், காற்று, அளவு எல்லாமே மாறுகின்றன. ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் பெய்வது அந்தப் பக்கம் பெய்வதில்லை. அதனால்தான் இங்கே பத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து மழையை அளந்தால், அது ஊருக்கும் பயன்படும், ஆய்வுக்கும் பயன்படும்.

ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், ஊர் இளைஞர் மன்றத்தினர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மழைமானி வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். கருவி வந்துவிடும், நட்டும் விடுவார்கள், நான்காவது மாதம் குறிப்பேடு வெறுமையாகக் கிடக்கும். கேள்வி, ஆட்கள், கருவி, இடம், பயிற்சி, அளந்ததை ஊருக்குத் திருப்பித் தருதல் என்ற வரிசையில் போனால் வலை நிற்கும். அளந்தவருக்கே அந்த எண் பயன்படாவிட்டால், அவர் எத்தனை நாள் காலையில் ஜாடியைத் தூக்குவார்?

1. ஊர் கேட்கும் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

"பருவநிலை மாற்றம் பற்றி ஆய்வு செய்யப் போகிறோம்" என்று ஊருக்குள் போகாதீர்கள். அது உங்கள் கேள்வி. ஊருக்கு ஏற்கெனவே கேள்விகள் இருக்கும். கடைபோகத்துக்கு (ஆண்டின் கடைசி விதைப்புப் பருவம்) உருளை போட ஆகஸ்டில் எவ்வளவு ஈரம் தேவை? கோத்தகிரியில் மழை என்று போன் ஆப் சொல்கிறதே, நம்ம ஹட்டியில் (படுகர் ஊர்) ஏன் சொட்டுகூட இல்லை? ஊற்று வற்றுவதற்கு எத்தனை நாள் முன்பு மழை நின்றது? தேயிலைக்கு மருந்து அடித்த அன்றே மழை வந்தால் எவ்வளவு பெய்தால் அடித்தது வீண்?

முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் கேட்பது மட்டும்தான் வேலை. வந்த கேள்விகளை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். அவற்றில் மழைமானியால் பதில் சொல்லக்கூடியது எது என்று பிரியுங்கள். ஊற்றுக் கேள்விக்கு மழையோடு ஊற்று நீரின் அளவும் தேவை: ஒரு குடம் நிறைய எத்தனை வினாடி என்று வாரம் ஒருமுறை பார்த்தாலே போதும். மருந்துக் கேள்விக்கு மழை அளவு மட்டும் போதாது, அடித்து எத்தனை மணி நேரம் கழித்துப் பெய்தது என்பதும் வேண்டும். முடியாததை முடியாது என்று அன்றே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் ஏமாற்றியதாக ஆகிவிடும்.

மண்சரிவு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். இதில் தெளிவாக இருங்கள். இந்த வலை எச்சரிக்கை விடும் அமைப்பு அல்ல. எச்சரிக்கையும் வெளியேற்றமும் மாவட்ட நிர்வாகத்தின் வேலை. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐக் குறிப்பேட்டின் உள்ளட்டையில் எழுதி ஒட்டுங்கள். கொட்டும் மழையில் ஜாடி பார்க்க வெளியே போக வேண்டாம் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள்.

2. யாரிடம், எப்போது பேசுவது

படுகர் ஹட்டி என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் சொல்லாமல் எதையும் நடாதீர்கள். ஊராட்சித் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: என்ன வைக்கிறோம், யார் பார்ப்பார்கள், தகவல் எங்கே போகும், எப்போது திருப்பித் தருவோம் என்ற நான்கு வரி போதும். இருளர், குறும்பர் குடியிருப்புகளுக்கு அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவர் மூலமாகப் போங்கள். அந்த இடம் வனத்துறை எல்லைக்குள் இருந்தால் வனத்துறை அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே கருவி. பள்ளியில் வைப்பதானால் தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சம்மதம் வேண்டும்.

நேரம் முக்கியம். இலை எடை போடும் நேரத்தில் கூட்டம் வைத்தால் யாரும் நிற்க மாட்டார்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு நல்லது. டிசம்பர், ஜனவரியில் ஆறு மணிக்கு மேல் குளிரில் ஆட்களை உட்கார வைக்காதீர்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஊரில் சாவு விழுந்தால் கூட்டத்தை நீங்களாகவே தள்ளி வையுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆண்கள் மட்டும் வந்து உட்காரும் கூட்டத்தோடு திருப்திப்பட வேண்டாம். தோட்டத்தில் தினமும் நனைபவர்கள் இலை பறிக்கும் பெண்கள். எந்தச் சரிவில் மழை முதலில் இறங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் தனியாக, அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் பேசுங்கள்.

3. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது

ஒரு பள்ளத்தாக்குக்கு எட்டு முதல் பன்னிரண்டு மழைமானி போதும். முப்பது வைத்துப் பதினெட்டைக் கைவிடுவதைவிட எட்டை ஒழுங்காகப் பார்ப்பது மேல். மேலே, நடுவில், கீழே என்று உயரம் மாறும்படியும், முகட்டின் இரண்டு பக்கமும் வரும்படியும் பரப்புங்கள்.

ஒவ்வொரு மழைமானிக்கும் இருவர் வேண்டும்: அளப்பவர் ஒருவர், அவர் இல்லாத நாளில் பார்ப்பவர் ஒருவர். இரண்டாமவர் இல்லாமல் தொடங்காதீர்கள். கல்யாணம், மருத்துவமனை, கோவைப் பயணம் என்று மாதத்தில் சில நாள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

யார் நன்றாக அளப்பார்? பால் கணக்கு எழுதும் பாட்டி, ஓய்வுபெற்ற எஸ்டேட் கணக்குப்பிள்ளை, ஊரை விட்டு அதிகம் போகாத கடைக்காரர் ஆகியோர். துடிப்பான கல்லூரி மாணவர் நல்ல உதவியாளர்தான், ஆனால் தேர்வு வந்ததும் போய்விடுவார். பள்ளியை மட்டும் நம்பினால் மே மாதம் முழுக்க ஓட்டை விழும், கோடை மழை பெய்வதும் அப்போதுதான். பள்ளியில் வைத்தால் விடுமுறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கட்டாயம் பிடியுங்கள்.

4. எப்போது தொடங்குவது

மார்ச் கடைசி அல்லது ஏப்ரல். கோடை மழை விட்டு விட்டுப் பெய்யும். பூஜ்யம் எழுதவும் பழகுவார்கள், மழையை அளக்கவும் பழகுவார்கள். ஜனவரியில் தொடங்கினால் வாரக்கணக்கில் பூஜ்யம் எழுதி அலுத்துப்போகும். ஜூலையில் குந்தா பக்கமோ, நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கமோ தொடங்கினால் கற்றுக்கொள்ளவே இடைவெளி கிடைக்காது, முதல் பெருமழையே தப்பாகப் பதிவாகும்.

5. மழைமானி செய்வது

காசு இருந்தால் வானிலைத் துறை பயன்படுத்தும் மாதிரியிலான ஃபைபர் மழைமானி வாங்கலாம். வாங்கும்போது ஒன்றைச் சரிபாருங்கள்: 200 சதுர செ.மீ. வாய் உள்ள மானிக்கு 200-க்கான கண்ணாடி ஜாடிதான் வர வேண்டும். 100-க்கானது வந்தால் மழை இரண்டு மடங்காகக் காட்டும். ஜாடி உடைந்து மாற்று வாங்கும்போதும் இந்தத் தவறு நடக்கிறது.

கையால் செய்வதற்கு ஒரு மானிக்குத் தேவையானவை:

- 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 15 செ.மீ. துண்டு ஒன்று
- அந்தக் குழாய்க்குள் அடங்கும் பிளாஸ்டிக் புனல்
- 5 லிட்டர் எண்ணெய் கேன், நன்றாகக் கழுவியது
- மூடியோடு 20 லிட்டர் பெயிண்ட் வாளி
- சிலிகான் பசை, கொஞ்சம் கொசுவலைத் துண்டு
- 250 மி.லி. பிளாஸ்டிக் அளவு ஜாடி, மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மி.லி. ஊசிக்குழல் (ஊசி வேண்டாம்)

எல்லா மானிகளுக்கும் ஒரே நீளக் குழாயிலிருந்து துண்டு வெட்டுங்கள். அப்போது வாய்ப் பரப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும், ஒரே கணக்கு அட்டவணையை எல்லாருக்கும் கொடுக்கலாம்.

குழாயின் மேல் விளிம்பை வெளிப்பக்கமாகச் சரிவாக அரம் போட்டு ராவுங்கள். தட்டையான விளிம்பில் விழும் துளி உள்ளேயும் போகும், வெளியேயும் போகும். ராவினால் விளிம்பு கூர்மையாகி, துளி எந்தப் பக்கம் என்பது தெளிவாகப் பிரியும். புனலை விளிம்பிலிருந்து குறைந்தது 10 செ.மீ. கீழே, குழாய்க்குள் செருகிச் சிலிகான் போட்டு அடையுங்கள். புனலை மட்டும் தனியாக வைத்தால் அடைமழையில் துளிகள் சரிவில் பட்டு வெளியே தெறிக்கும். அந்த இழப்பு பெருமழை நாளில்தான் அதிகம். புனல் விளிம்பு குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழையைக் கூடுதலாகப் பிடிக்கும். அதையும் கவனியுங்கள்.

கொசுவலையைப் புனலின் கழுத்தில் சுருட்டி வையுங்கள். மேலே விரித்துக் கட்டினால் துளி தெறிக்கும். சவுக்கு (சில்வர் ஓக்) இலையும் தைல மரப் பூவும் கழுத்தை அடைப்பதை இந்த வலை தடுக்கும்.

வாளி மூடியில் குழாய் இறங்கும் அளவுக்கு ஓட்டை வெட்டி, செருகி, சுற்றிலும் சிலிகான் போடுங்கள். கேன் வாளிக்குள் புனலின் கீழே நிற்கும். கேன் நிரம்பி வழிந்தால் வாளி பிடிக்கும். மூடி ஒழுகினால் அந்த வழிந்த நீரோடு மூடி மேல் விழுந்த மழையும் கலந்துவிடும். ஆகவே சோதித்துப் பாருங்கள்: குழாய் வாயை அடைத்துவிட்டு மூடி மேல் ஒரு குடம் நீர் ஊற்றுங்கள், வாளிக்குள் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது.

6. கணக்கு அட்டவணை தயார் செய்வது

சூத்திரம் இதுதான்: மழை மி.மீ. = நீர் மி.லி. × 10 ÷ வாய்ப் பரப்பு சதுர செ.மீ.

வாயின் உள்விட்டத்தை மூன்று திசையில் அளந்து சராசரி எடுங்கள். உள்விட்டம் 10.5 செ.மீ. என்றால் பரப்பு 86.6 சதுர செ.மீ., 8.7 மி.லி. நீர் ஒரு மி.மீ. மழை. 20 மி.லி. என்றால் 2.3, 100 மி.லி. என்றால் 11.5, 250 மி.லி. என்றால் 28.9 மி.மீ. இப்படி 5 மி.லி. இடைவெளியில் 250 வரை எழுதி, லேமினேட் செய்து ஜாடியோடு கட்டிவிடுங்கள். காலையில் யாரையும் வகுத்தல் போட வைக்காதீர்கள்.

இங்கே அடிக்கடி வரும் தவறுகள் இரண்டு. வெளிவிட்டத்தை அளப்பது ஒன்று: 10.5-க்குப் பதில் 11 என்று எடுத்தால் மழை சுமார் 9 சதவீதம் குறைவாகவே வரும், வருடம் முழுக்க. விட்டத்தை ஆரமாகப் போட்டுக் கணக்கிடுவது இன்னொன்று: அப்போது மழை கால்பங்காகிவிடும். அட்டவணையை இன்னொருவர் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்ட பிறகே அச்சடியுங்கள்.

இந்த வாய்க்கு 5 லிட்டர் கேன் சுமார் 577 மி.மீ. தாங்கும். கேத்தி மாதிரி ஒரு நாள் வந்தால் கேன் நிரம்பி வாளியில் வழியும், அதனால்தான் வாளி.

7. இடம் பார்ப்பது

விதி எளிது: பக்கத்தில் உள்ள மரம் அல்லது கூரையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். 15 மீட்டர் சவுக்குக்கு 30 மீட்டர். தேயிலைத் தோட்டத்தில் இது கடினம். கவாத்து வெட்டிய பகுதி, பள்ளி மைதானத்தின் ஓரம், காய்கறித் தோட்டம் என்று தேடுங்கள். இரண்டு மடங்கு எங்குமே கிடைக்காவிட்டால் ஒரு மடங்குக்காவது குறையாமல் பார்த்து, எந்தத் திசையில் என்ன மரம், எவ்வளவு தூரம் என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் வரைந்து வையுங்கள்.

மொட்டை மாடியும் முகட்டு உச்சியும் வேண்டாம். அங்கே காற்று சுழன்று துளியை வாய்க்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போய்விடும், அளவு குறையும். சிமெண்ட் தரையும் வேண்டாம், தெறிப்பு உள்ளே விழும். புல்தரை நல்லது.

வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வரும்படி வாளியைப் புதையுங்கள். நம் ஊர் சரிவில் பலரும் செய்யும் தவறு, வாயைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து வைப்பது. கொத்தனாரின் ரசமட்டத்தை வாயின் குறுக்கே இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு மண் இறங்கியிருக்கும், மறுபடி பாருங்கள்.

கடைசியாக, பாதுகாப்பு. விடிகாலையில் கரடியும் காட்டுமாடும் தோட்டத்துக்குள் நிற்கும் ஊர்கள் இவை. வீட்டு வாசலில் நின்றால் மானியும் அதற்குப் போகும் வழியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அறிவியல்படி அருமையான இடம் தோட்டத்தின் கோடியில் இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். குரங்கு மூடியைத் திறக்கும் ஊரில் இரண்டு பக்கமும் கம்பி போட்டுக் கட்டுங்கள், வாளிக்குள் ஒரு கல்லும் போடுங்கள்.

8. அளக்கும் முறை

வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்கு முடிந்து அடுத்தது தொடங்கும். எல்லாரும் 8.30-க்கு அளக்க முடிந்தால் அதுவே நல்லது. ஆனால் இலை பறிக்கப் போகிறவர் அதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அப்படியானால் வலை முழுவதற்கும் 7.30 என்று வையுங்கள். பாதிப் பேர் 7.30, பாதிப் பேர் 8.30 என்பதுதான் கூடவே கூடாது. இடையில் ஒரு சாரல் விழுந்தால் ஓர் ஊர் அதை இன்று எழுதும், அடுத்த ஊர் நாளை எழுதும். மாதக் கூட்டுத்தொகையில் ஒரு மணி நேர வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, நாள் ஒப்பீட்டில் தெரியும்.

செய்முறையைச் சொல்லிக் காட்டாதீர்கள், ஒவ்வொருவரையும் செய்ய வையுங்கள்:

வாளி மூடியைத் திறந்து, முதலில் வாளியின் அடியில் நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேனை எடுத்து ஜாடியில் ஊற்ற வேண்டும். ஜாடியைக் கையில் பிடித்துப் பார்க்கக் கூடாது, திண்ணையில் வைத்து, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீரின் ஓரம் ஜாடிச் சுவரில் சற்று ஏறி நிற்கும். நடுவில் உள்ள பள்ளத்தின் அடிமட்டத்தைத்தான் படிக்க வேண்டும். 20 மி.லி.க்குக் குறைவாகத் தெரிந்தால் ஊசிக்குழலில் உறிஞ்சிப் படிக்கலாம், இன்னும் துல்லியம். எழுதிய பிறகே நீரைக் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு எழுதப் போனால் இடையில் யாராவது கூப்பிடுவார்கள், எண் மறந்துபோகும்.

ஜாடிக்கு மேல் நீர் இருந்தால் 250, 250 என்று ஊற்றி, ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டு, கடைசியில் மீதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சி நாளில் நீங்கள் அளந்து வைத்த 640 மி.லி. நீரைக் கேனில் ஊற்றிக் கொடுங்கள். என்ன வருகிறது என்று பாருங்கள். 10.5 செ.மீ. வாய்க்கு 73.9 மி.மீ. வர வேண்டும். இரண்டு மி.மீ.க்கு மேல் தள்ளி வந்தால் எங்கே பிசகியது என்று அங்கேயே சேர்ந்து தேடுங்கள்.

மழையே இல்லாமல் மூடுபனி மட்டும் இருந்த நாளில் கேனில் நான்கைந்து சொட்டு இருக்கும். அதையும் எழுத வேண்டும். உறைபனி உருகியதாக இருந்தால் "உறைபனி" என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். ஆலங்கட்டி விழுந்திருந்தால் உருகும்வரை காத்திருக்க வேண்டும்.

9. குறிப்பேட்டில் எதை எப்படி எழுதுவது

வாட்ஸ்அப் குழு இருக்கலாம், ஆனால் அசல் பதிவு காகிதக் குறிப்பேடுதான். சிக்னல் போகும், போன் மாறும். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், ஈரக் கையில் பேனா மை பரவும். பத்திகள்: தேதி, நேரம், மி.லி., மி.மீ., அளந்தவர், குறிப்பு. மி.லி. பத்தியைத் தவிர்க்காதீர்கள். மி.மீ.யாக மாற்றுவதில் தவறு நேர்ந்தால் அதை வைத்துத்தான் பின்னால் திருத்த முடியும்.

தேதிக் குழப்பம் எல்லா வலையிலும் வருகிறது. 14-ஆம் தேதி மாலை நான்கு மணிக்குப் பெய்ததை 15-ஆம் தேதி காலை அளக்கிறோம். அதை 15-ஆம் தேதி வரிசையில்தான் எழுத வேண்டும். "அளந்த நாள்தான் தேதி" என்று அட்டையில் பெரிதாக எழுதுங்கள்.

பூஜ்யம் என்றால் 0 என்று எழுத வேண்டும். பார்க்காத நாளில் "பா.வி." என்று எழுத வேண்டும். ஈரம் இருந்தும் அளக்க முடியாவிட்டால் "துளி". வெறும் கட்டம் விடக் கூடாது, ஏனென்றால் மழை இல்லையா, ஆள் இல்லையா என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை பார்க்கவில்லை, ஞாயிறு பார்த்தபோது 24 மி.மீ. என்றால், சனிக்கு "பா.வி.", ஞாயிறுக்கு "24.0, இரண்டு நாள் சேர்ந்தது". 12, 12 என்று பிரித்துப் போட்டால் நடக்காத இரண்டு மழையை உண்டாக்கிவிட்டோம் என்று ஆகும்.

செய்தித்தாளில் மழை செ.மீ.யில் வரும், நம் குறிப்பேட்டில் மி.மீ. "குன்னூரில் 7 செ.மீ." என்பது 70 மி.மீ. இதையும் உள்ளட்டையில் எழுதுங்கள். கூடவே வானிலைத் துறையின் அளவுகளையும் எழுதுங்கள்: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. தங்கள் எண்ணைத் தாங்களே அந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ஆர்வம் தானாக வரும்.

10. முதல் மூன்று மாதம்

முதல் வாரம் இரண்டு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும் நேரில் போங்கள். போன் செய்து கேட்பது நேரில் போவதற்கு ஈடாகாது. போகும்போது புதுக் கொசுவலை, பென்சில், ரசமட்டம் கையில் இருக்கட்டும். புனலைக் கழுவுங்கள், கேனில் பாசி பிடித்திருந்தால் தேய்த்துக் கழுவுங்கள், வாய் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விசாரிக்கும் விதம் முக்கியம். "என்னக்கா, நாலு நாளா எழுதவே இல்லையே" என்று தொடங்கினால் அடுத்த முறை அந்த நாலு நாளுக்கும் எண் இருக்கும், அளக்காத எண். "அக்கா, இந்த வாரம் வேலை ஜாஸ்தியா? நாளைக்கு யார் பார்க்கறாங்க?" என்று கேளுங்கள். விட்டுப்போன நாள் குற்றமில்லை, கற்பனை எண்தான் கெடுதல் என்பதை முதல் நாளே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

11. சரிபார்த்தல்

மாதம் முடிந்ததும் எல்லா ஊர் எண்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். சுற்றிலும் 40, 50 என்று இருக்கும்போது ஓர் ஊரில் மட்டும் 0 என்றால் அடைப்பு, அல்லது ஒரு நாள் தேதி மாறியிருக்கும். எல்லா எண்ணும் 5, 10, 15 என்று முடிந்தால் கண் மதிப்பில் எழுதுகிறார்கள். ஓர் ஊர் மாதம் முழுக்க மற்றவற்றைவிட ஒரே விகிதத்தில் குறைவாக இருந்தால் கருவியையோ இடத்தையோ பாருங்கள்.

வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு எண்ணைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு முகடு தாண்டினால் மழை மாறும் என்பதற்காகத்தானே இந்த வலையே. அளந்தவரிடம் கேளுங்கள். "ஆமா, அன்னிக்கு இங்க மட்டும் இடி இடிச்சு ஊத்துச்சு" என்று சொன்னால் அந்த எண் நிற்கும். அசல் எண்ணை அழிக்கவே கூடாது. திருத்தம் வேண்டுமானால் பக்கத்தில் எழுதி, காரணமும் தேதியும் போடுங்கள்.

12. ஊருக்குத் திருப்பித் தருவது

எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். அளந்த எண் ஆய்வுக்கூடத்துக்குப் போய், இரண்டு வருடம் கழித்து ஆங்கிலக் கட்டுரையாக வருவதால் ஹட்டிக்கு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்துக்குள் ஒரு சார்ட் பேப்பர் தயார் செய்யுங்கள். ஊருக்கு ஒரு பட்டை, உயரம்தான் மழை. அந்த ஊருக்குப் போகும் தாளில் அந்த ஊரின் பட்டை மட்டும் வேறு வண்ணம். அளந்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் இருக்கட்டும், வீட்டு முகவரியும் போன் எண்ணும் வேண்டாம். இலை சேகரிக்கும் இடம், ரேஷன் கடை, டீக்கடை, இவற்றில் எங்கே ஆட்கள் நின்று பேசுவார்களோ அங்கே ஒட்டுங்கள். ஊராட்சி அலுவலகப் பலகையில் மட்டும் ஒட்டினால் யார் பார்ப்பார்கள்?

காலாண்டுக்கு ஒரு முறை எல்லா ஊர் அளப்பவர்களும் ஒன்றாக உட்காரட்டும். இந்தக் கூட்டத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, விளக்கத்தோடு தொடங்குவது. படத்தைத் தொங்கவிட்டுவிட்டு, "இதுல உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மேலூர்க்காரர் தன் பட்டையையும் கீழூர்ப் பட்டையையும் பார்ப்பார். காற்று எந்தக் கணவாய் வழியாக வரும், மேகம் எந்த முகட்டில் தங்கும் என்று பேச்சு தொடங்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் மானியை எங்கே வைப்பது என்பதற்கு அதுதான் வழிகாட்டும். அதன் பிறகு உங்கள் விளக்கத்தைச் சொல்லுங்கள்: ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறிக் குளிர்ந்து பெய்கிறது, மறுபக்கம் இறங்கும்போது உலர்ந்துவிடுகிறது. போன் ஆப் சில கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்கு ஓர் எண் தருகிறது, அந்தக் கட்டத்துக்குள் இரண்டு முகடும் ஒரு பள்ளமும் இருக்கின்றன.

எண்ணைத் தொட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். அவர்கள் வீட்டுக் கூரையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். தொட்டி கட்டுவது பற்றிய பேச்சு தானாக வரும்.

"மழை குறைஞ்சு போச்சா, இல்லையா?" என்ற கேள்வி முதல் வருடமே வரும். நேராகச் சொல்லுங்கள்: ஒரு வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது, வானிலை ஆய்வில் இயல்பு மழையை 30 வருடக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறார்கள். இப்போது சொல்லக்கூடியது ஊருக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம், எத்தனை நாள் 2.5 மி.மீ.யோ அதற்கு மேலோ பெய்தது, இடையில் எத்தனை நாள் தொடர்ந்து வறண்டது என்பவை. இந்த அளவிலேயே கடைபோக விதைப்புக்கும் ஊற்றுக் கணக்குக்கும் பயன் இருக்கிறது.

கிராம சபைக்கும் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூட்டம் நடக்கும். ஒரு பக்கத் தாளை அளப்பவரே படிக்கட்டும். நீங்கள் படித்தால் அது வெளியூர்க்காரர் அறிக்கை, அவர் படித்தால் ஊரின் கணக்கு.

13. பழைய பதிவேடுகளைத் தேடுங்கள்

தேயிலை எஸ்டேட்டுகள் பலவற்றில் பல பத்தாண்டு மழைப் பதிவேடுகள் உண்டு. அலுவலகத்தில் அனுமதி கேட்டுப் புகைப்படம் எடுங்கள். அவை இஞ்ச், சென்ட் கணக்கில் இருக்கும்: ஒரு இஞ்ச் 25.4 மி.மீ., நூறு சென்ட் ஒரு இஞ்ச். "2.35" என்று இருந்தால் 59.7 மி.மீ. இதை மி.மீ. என்றோ செ.மீ. என்றோ எடுத்துக்கொண்டு கணக்கைக் கெடுத்தவர்கள் உண்டு, ஆகவே முதல் பக்கத்தில் அலகு என்ன என்று பாருங்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர் (எஸ்டேட் மேற்பார்வையாளர்) ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மானி எங்கே இருந்தது, எப்போது இடம் மாறியது என்பதும் கிடைக்கும். இடம் மாறிய வருடத்தில் மழை திடீரென்று கூடியதாகவோ குறைந்ததாகவோ தெரிந்தால், அது இட மாற்றத்தின் விளைவாகவே இருக்கலாம்.

14. கைமாற்றும்போது

அளப்பவர் ஊரை விட்டுப் போகலாம், அலுத்துப்போகலாம். வற்புறுத்தாதீர்கள். இரண்டாமவர் பொறுப்பேற்கும் முதல் வாரம் இருவரும் சேர்ந்து அளக்கட்டும், இருவர் எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். மானியை வேறு இடத்துக்கு மாற்ற நேர்ந்தால், முடிந்தால் சில மாதம் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒன்றாக ஓடவிடுங்கள், வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும்.

வருடத்துக்கு ஒரு முறை குறிப்பேட்டின் எல்லாப் பக்கங்களையும் புகைப்படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அசல் ஊரிலேயே இருக்கட்டும், நகல் உங்களிடம். மானியை எடுத்துவிட வேண்டி வந்தால், கடைசி வரிசையில் எடுத்த தேதி, நேரம், காரணம், கேனில் மிச்சமிருந்த நீர் ஆகியவற்றை எழுதி, அளந்தவர் கையெழுத்துப் போட்ட பிறகு வாளியைத் தோண்டி எடுங்கள்.